செவ்வாயும் வெள்ளியும்

ஜூலை 3, வியாழன்

பயோமெட்ரிக் இன்றும் என் விரலை ஏற்கவில்லை. காலையில் மாவு அள்ளிய கை, ஈரம் காயாமல் வந்திருப்பேன். புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்ததில் ஒரு நிமிடம் தாமதம். இப்படி மூன்று சேர்ந்தால் அரைநாள் விடுப்பு போய்விடும். அப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. டிபன், மாத்திரை, வாக்கர் எல்லாவற்றையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

மாலையில் ஆசிரியர் கூட்டம். இந்தப் பருவத்திலிருந்து எழுபத்தைந்து சதவீத வருகை கட்டாயம். அதற்குக் கீழே போனால் அபராதம், அறுபத்தைந்துக்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது, அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் யார் வரவில்லையோ அவர்கள் வீட்டுக்கு உடனே குறுஞ்செய்தி போய்விடும். "பொண்ணுங்க வீட்ல சொல்லிட்டு எங்கெங்கயோ போறாங்க. நாமதான பொறுப்பு?" என்றார் பிரின்சிபால். வணிகவியல் துறைக்கு வருகை ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

என் வகுப்பு மூன்றாம் ஆண்டு பி.காம். பெற்றோர் கைப்பேசி எண்களைச் சரிபார்த்தேன். பாதிப் பெண்கள் தங்கள் எண்ணையே அப்பா எண் என்று கொடுத்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் மாற்றினேன்.

மோகனப்பிரியாவுக்குப் போன மாசியில் கல்யாணம் ஆகிவிட்டது. திருமணமான மாணவிகளுக்குக் கணவர்தான் பாதுகாவலர். வகுப்பு முடிந்ததும் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"மேடம், எங்கம்மா நம்பர் குடுக்கட்டுங்களா?"

"ஏன், உங்க வீட்டுக்காரர் போன் வெச்சிருக்கலையா?"

"வெச்சிருக்காருங்க. கடையில மோட்டார் சத்தத்துல கேக்காதுங்க."

"கால் இல்லம்மா, மெசேஜ். சத்தம் நின்னதும் பாத்துக்குவாரு."

மேசையில் இருந்த பட்டியலை ஒருமுறை பார்த்தாள். பிறகு "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். நல்ல பெண்தான், ஆனால் போன வருடம் வாரத்தில் இரண்டு நாளாவது வராமல் இருந்திருக்கிறாள். இனி சரியாகிவிடும்.

ஜூலை 11, வெள்ளி

முதல் செய்திகள் போயின. ஒரு அப்பா கூப்பிட்டு, "எம் பொண்ணு போன வருசமே முடிச்சுட்டாளே, இப்ப யாரு லீவு போட்டது?" என்று கேட்டார். எண்ணைத் தப்பாகப் பதிந்திருக்கிறோம். ஆசிரியர் அறையில் சிரிப்பு.

மோகனப்பிரியா வரவில்லை. அவள் வீட்டுக்கும் போயிருக்கும்.

ஜூலை 16, புதன்

மோகனப்பிரியாவின் கணவர் நேரில் வந்தார். பெயர் பூபதி. பவானி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். முப்பது வயதிருக்கும். ஆசிரியர் அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"இந்த மெசேஜ் ஏற்பாடு ரொம்ப நல்லதுங்க மேடம். நாங்கெல்லாம் வேலைவெட்டின்னு கிடக்கறமுங்க. நீங்கதான் பாத்துக்கோணும்."

வகுப்பு நேர அட்டவணை ஒன்று கேட்டார். எந்த மணி நேரம் யார் பாடம் என்று தெரிந்தால் வீட்டில் படிக்கச் சொல்ல வசதியாக இருக்குமாம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எந்த பெஞ்சிலீங்க உக்காருவா?"

"ரெண்டாவது பெஞ்ச். ஜன்னல் ஓரம்."

"ஜன்னல் ஓரமுங்களா?" என்றார். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து ஆண்கள் கல்லூரியின் பஸ் நிறுத்தம். அதைச் சொல்லித்தான் நாங்களே அடிக்கடி சிரிப்போம்.

அவர் போன பிறகு அறையில் ஒரே புகழ்ச்சி. பெண்டாட்டி படிப்புக்கு இவ்வளவு அக்கறை காட்டுகிற புருஷன் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான் என்றார்கள். பக்கத்து மேசை ரெஜினா மட்டும் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஃபீஸ் யாரு கட்றாங்கன்னு கேட்டியா?" என்றாள். அவளுக்கு எதிலும் குறை.

ஜூலை 18, வெள்ளி

மோகனப்பிரியா இடம் மாறியிருக்கிறாள். கடைசி பெஞ்ச், சுவர் ஓரம். அங்கே மின்விசிறிக் காற்று வராது. நானாகக் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மோகனப்பிரியா வரவில்லை. செய்தி போயிற்று.

ஜூலை 24, வியாழன்

இரண்டு நாள் கழித்து வந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணிக்கட்டு. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டதாம். இந்தக் காலத்துப் பெண்களுக்குக் குக்கரில் வைத்துப் பழகிவிட்டது, வடித்துப் பழக்கமில்லை. உள்தேர்வை இடது கையால் எழுதினாள். எழுத்து புரியவில்லை, இரக்கம் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டேன்.

மதியம் சாப்பிடும்போது ரெஜினா ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அப்பா இன்று வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்று வாரமாக மோகனப்பிரியா ஒரு நாள்கூட விடவில்லை. என் வகுப்பின் சராசரி கல்லூரியிலேயே முதலிடம். பிரின்சிபால் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினார். "சுகுணா மேடம் கிளாஸப் பாருங்க."

செவ்வாய், வெள்ளிகளில் மட்டும் அவள் பாடத்தைக் கவனிப்பதில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று மோகனப்பிரியாவின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன். முதல் மணி நேரத்தில் மேசைக்கடியில் வைத்துப் பேச முயன்றுகொண்டிருந்தாள். விதிப்படி மாலைதான் திருப்பித் தர வேண்டும். மதியத்துக்கு மேல் என் இழுப்பறைக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒருமுறை திறந்து பார்த்தேன். 'அம்மா' என்று திரையில் வந்தது. மகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று பெற்றோருக்கே தெரிய வேண்டும். ஒலியை அணைத்து வைத்தேன்.

நாலு மணிக்கு வாங்கிப் பார்த்தவள் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். புத்தகப் பை வகுப்பிலேயே கிடந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பையை வாங்க வந்தவளிடம், "என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

அவள் அம்மா வசந்தாமணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மிஷின் ஓடும். முடிந்ததும் தலை சுற்றும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. போன வருடமெல்லாம் இவள்தான் போயிருக்கிறாள், கல்லூரி நேரத்தில். ஜூலைக்குப் பிறகு அம்மா தனியாக பஸ்ஸில் போய் வருகிறார். வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. யாரோ ஒரு பூக்கார அம்மாள் அவர் போனை எடுத்து, அதில் முதலில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு என்ன தெரியும்? சொன்னால்தானே தெரியும். யாராக இருந்தாலும் போனைப் பிடுங்கித்தான் வைத்திருப்பார்கள்.

தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்றே நினைவில்லை. அவரைக் கேட்டதற்கு, "ரெண்டு தடவை குடுத்தே" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மோகனப்பிரியாவிடம் ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிப் பிரின்சிபாலிடம் கொண்டுபோனேன். படித்துப் பார்த்தார். மாணவிக்கே உடம்பு சரியில்லை என்றால்தான் மருத்துவச் சான்று செல்லும், அம்மாவுக்கு என்றால் செல்லாது. ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் பார்க்கலாம் என்றார். பாதுகாவலர் கையெழுத்து வேண்டும்.

"அவ்வளவுதானே" என்று எனக்கு நிம்மதி. வராந்தாவில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஒரு கையெழுத்துத்தானே. நானே போன் பண்ணிச் சொல்றேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாணவி யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

"சொல்லிப்போடாதீங்க மேடம். நான் எங்கம்மாவைப் பாக்கறது அவருக்குத் தெரியாதுங்க. பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"ஏன்?"

"சித்திரையில எங்கம்மா ஒருக்கா மகளிர் ஸ்டேசனுக்குப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

தோள் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தாள். இந்த வெயிலிலும் முழுக்கைச் சுடிதார். மணி அடித்தது. எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

ரெஜினா ஜூலையில் சொன்னதை எழுதிவிடுகிறேன். "கஞ்சி கொட்டினா விரல்ல முதல்ல சுடும் சுகுணா. அவ விரலெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

செப்டம்பர் 9, செவ்வாய்

முதல் மணி நேரம் என்னுடையது. அனைவரும் வந்திருந்தார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

அனைவரும் வந்திருந்தார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அனைவரும் வந்திருந்தார்கள். கடைசி பெஞ்ச் சுவர் ஓரம் காலியாக இருப்பதைப் பார்த்து, வகுப்புத் தலைவி வைஷாலி என்னைப் பார்த்தாள். நான் பாடத்தை ஆரம்பித்தேன். இரண்டாம் மணி நேரம் ரெஜினாவுடையது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. மற்றப் பாடங்களில் மோகனப்பிரியா வராதது பதிவாகியிருக்கும். ஆனால் செய்தி போவது முதல் மணி நேரத்துக்கு மட்டும்தான்.

கடலை எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

மோகனப்பிரியா என் மேசையில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள். அம்மா கொடுத்தனுப்பிய கம்பு முறுக்கு. உப்பே இல்லை. டயாலிசிஸ் ஆட்கள் வீட்டில் உப்பு புழங்காது போலிருக்கிறது. அப்பாவும் நானும் முழுவதையும் சாப்பிட்டோம்.

அவள் முகம் தெளிந்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் சிரித்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அனைவரும் வந்திருந்தார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

பதினோரு மணிக்குப் பூபதி கூப்பிட்டார்.

"மேடம், இன்னிக்கு எங்கூட்டுல வந்திருக்காளுங்களா?"

"வந்திருக்கா."

"மெசேஜ் ஏதும் வரலீங்க. அதான் கேட்டேன்."

"வந்தா மெசேஜ் வராதுங்க. வரலைன்னாத்தான் வரும்."

"சரிதானுங்க. ஒரு நிமிசம் போனை அவகிட்டக் குடுக்கறீங்களா? ஊட்டுச் சாவி எங்க வெச்சான்னு கேக்கோணும்."

வகுப்பு நேரத்தில் மாணவிகளுக்குப் போன் தரக் கூடாது, அது விதி என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அவர் சிரித்தார்.

"ரூல்னா ரூல்தானுங்க மேடம். நான் பூட்டை ஒடச்சுக்கறேன்."

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் ஒரு பைக். அவருடையதா என்று தெரியவில்லை. எல்லாக் கறுப்பு பைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

மோகனப்பிரியாவுக்கு அங்கிருந்தே போன் செய்து, பின்பக்க கேட் வழியாக வந்து மாலை எல்லோரோடும் முன்பக்கமாக வெளியே போகச் சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு முந்தைய கடைசி வேலைநாள். மூன்றரை மணிக்குப் பூபதி ஒரு பெட்டி மைசூர்பாகு கொண்டுவந்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் நீட்டினார். நல்ல வேளை, மிஷின் முடிந்து மோகனப்பிரியா அதற்குள் வந்திருந்தாள்.

"வெள்ளிக்கெழமை முதல் பீரியடு உங்களுதுதானுங்களே மேடம்? செவ்வாக்கெழமையும்?"

"ஆமாங்க."

"அட்டவணையப் பத்திரமா வெச்சிருக்கறனுங்க" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

மைசூர்பாகை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது கேட்டால் வேண்டியிருக்கும்.

முதல் மணி நேரம் முடியுமுன்பே அலுவலக உதவியாளர் வந்து, பிரின்சிபால் கூப்பிடுவதாகச் சொன்னார். உள்ளே பூபதி உட்கார்ந்திருந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. அவருடைய பெரியம்மா இறந்துவிட்டாராம், மனைவியை உடனே கூட்டிப் போக வேண்டுமாம்.

"மோகனப்பிரியாவை அனுப்புங்க மேடம்" என்றார் பிரின்சிபால். மேசைக் கணினியில் என் வகுப்பைத் திறந்து வைத்திருந்தார். அவள் பெயருக்கு நேரே பச்சை.

கூட்டி வருகிறேன் என்று வெளியே வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்று அவளைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"இப்பத்தான் மேடம் மாட்டுனாங்க. ரெண்டு மணி வரைக்கும் எடுக்க முடியாதுங்க."

"அவரு இங்க வந்திருக்காரு."

நாற்காலியை இழுத்துவிட்டு அவள் எழுவது கேட்டது.

"இங்க வராத. வீட்டுக்கும் போகாத."

"வேற எங்கீங்க மேடம் போறது?"

பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, முழுக்கை, ஸ்டேஷன் எல்லாம். நானே வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அந்த சிஸ்டர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. "மிஷின் ஓடறப்ப வார்டுக்குள்ள யாரையும் விடமாட்டோம். நீங்க வாங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பிப் போய், அவள் வகுப்பில் இல்லை என்றேன்.

பிரின்சிபால் கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூபதி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"அப்ப மேடம் பொய்யாத்தான் டிக் போட்டிருக்காங்க. இல்லீங்களா சார்? எத்தனை நாளாங்க மேடம்?"

"எங்க போனா அந்தப் பொண்ணு?" என்று பிரின்சிபால் எழுந்துவிட்டார்.

"தெரியாது சார்."

"எனக்குத் தெரியுமுங்க" என்றார் பூபதி. "நம்ம கடையாளு ஒருத்தன் ரெண்டு வாரத்துக்கு முந்தி பெரியாஸ்பத்திரிக்கு மோட்டார் மாட்டப் போயிருந்தானுங்க. அங்க பாத்தேன்னு சொன்னான். நாந்தான் நம்பலீங்க. காலேஜ்ல இருக்கறான்னு மேடமே சொன்னாங்களே."

பிரின்சிபாலுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அனுமதி கேட்கவில்லை. ரெஜினாவிடம் வண்டிச் சாவி வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். சிக்னலில் அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்து, ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

டயாலிசிஸ் வார்டின் கதவு சாத்தியிருந்தது. கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே கடைசிக் கட்டிலில் அவள் அம்மா. நெற்றியில் தையல் தழும்பு. கட்டிலின் ஓரத்தில் மோகனப்பிரியா, அம்மாவின் ஊசி போடாத கையைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி. செவ்வாய் வெள்ளிகளில் வகுப்பறைக் கதவை அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

பூபதி பெஞ்சில் உட்கார்ந்தார். "உக்காருங்க மேடம். ரெண்டு மணி வரைக்கும் ஓடுமாமா."

உட்கார்ந்தேன். அவர் ஒரு சாத்துக்குடிப் பை வாங்கி வந்திருந்தார். அந்த வழியாக வந்த வயதான நோயாளிக்கு எழுந்து கை கொடுத்தார். செக்யூரிட்டியிடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வருத்தமாகப் பேசினார். பார்க்கிற யாருக்கும் அவர் நல்ல மருமகன்தான். ஜூலையில் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பினார்.

"அப்பாவுக்கு முட்டி ஆபரேசனாமுங்க?"

"யாரு சொன்னாங்க?"

"கேட்டாச் சொல்றாங்க. சூரம்பட்டிதானுங்களே, கோயில் பின்னாடி வீதி? பகல்ல தனியாத்தான் இருப்பாராட்ட இருக்குது. பாவம், விழுந்தாக்கூடத் தூக்க ஆளில்லை."

நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தால் அந்தக் கதவுக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை.

மிஷினை நிறுத்தும் நேரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்துக் காவலர். இன்னொருவர் பெண்கள் உதவி மையத்திலிருந்து. சிஸ்டர்தான் கூப்பிட்டிருக்கிறார். காவலர் பூபதியிடம், "குடும்ப விஷயம்னா பேசித் தீத்துக்கலாமே" என்று ஆரம்பித்தார். "அதத்தானுங்க நானும் சொல்றேன். கூட்டிட்டுப் போய்ப் பேசிக்கறேன்" என்றார் பூபதி.

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அம்மா. தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றாள்.

"வா பிரியா, போலாம். பெரியம்மா செத்துப் போச்சு" என்று கையை நீட்டினார்.

மோகனப்பிரியா வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள். வராந்தாவில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கஞ்சி கொட்டிய தழும்பு அல்ல. கோடு கோடாக, ஒரே அகலத்தில், இஸ்திரிப் பெட்டி ஓரம்போல.

"நான் வரல" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

வசந்தாமணி நாற்காலியிலிருந்து எழ முயன்று முடியாமல் சாய்ந்தார். "நான் அப்பவே சொன்னனுங்க" என்று அந்தக் காவலரைப் பார்த்துச் சொன்னார். "சித்திரையிலயே ஸ்டேசனுக்கு வந்து சொன்னனுங்க."

காவலர் அதற்குப் பிறகு குடும்ப விஷயம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அப்பா இருக்கிறாரா என்று பார்த்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு உள்தாழ் போடச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்டோபர் 27, திங்கள்

மெமோ. பொய்யான வருகைப் பதிவுக்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். 'கவனக் குறைவால் நேர்ந்தது என்று எழுதுங்க, முடிச்சிடலாம்' என்று பிரின்சிபால் சொல்லியனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை.

அம்மாவும் மகளும் உதவி மையத்தின் விடுதியில் இருக்கிறார்கள். புகார் பதிவாகிவிட்டது. பூபதி கைதாகி அன்றே ஜாமீனில் வந்துவிட்டார்.

அக்டோபர் 29, புதன்

விளக்கம் கொடுத்தேன். ஒரே வரி. 'கவனக் குறைவு அல்ல, தெரிந்தே செய்தேன்.' ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் வகுப்பும் போயிற்று. ஒரு வருட ஊதிய உயர்வும் இல்லை. வேலை இருக்கிறது.

மோகனப்பிரியாவுக்கு நான் போட்ட டிக்குகளை எல்லாம் திருத்தி வராத நாள் ஆக்கிவிட்டார்கள், தண்டனையாக ஒன்றுக்கு இரண்டு நாள் கணக்கில். அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கிவிட்டாள். கடைசி வேலைநாள் வரை ஒரு நாள்கூட விடாமல் வந்தால் எட்டலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான்.

பாதுகாவலர் எண்ணை மாற்றக் கேட்டேன். அதற்குப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கோர்ட் உத்தரவு இருந்தால் பார்க்கலாமாம். அதுவரை அவள் வராத ஒவ்வொரு நாளும் அவருக்குச் செய்தி போகும்.

அக்டோபர் 31, வெள்ளி

விடுதிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திங்கக்கிழமையிலிருந்து வர்றனுங்க மேடம்."

"மோகனா, யோசிச்சுப் பாரு. நீ வரலைன்னா அவருக்கு மெசேஜ் போகும். மெசேஜ் வராத அன்னிக்கு நீ காலேஜ்லதான் இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியுமுங்க." துணி மடித்துக்கொண்டே, "அடுத்த வருசம் வந்தா மட்டும் அவரு இருக்கமாட்டாருங்களா?" என்றாள்.

செவ்வாய் வெள்ளி அம்மாவோடு யார் போவது என்பதுதான் அவளுக்குக் கவலை. வீட்டில் வந்து இதைச் சொன்னதும் அப்பா, "நான் போறேன். இங்க தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருக்கறதுக்கு அங்க போய் உக்காந்திருக்கேன்" என்றார். அவருக்கு இன்னும் படி ஏற முடியாது. வார்டு தரைத்தளத்தில்தான் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றேன்.

டீக்கடையில் கறுப்பு பைக். இந்த முறை சந்தேகமில்லை. பூபதி அதன்மேல் உட்கார்ந்து கையில் போனை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பஸ் வருமுன் வைஷாலியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். நான் சொல்லவில்லை. ரெஜினா சொல்லியிருப்பாள். வாட்ச்மேன், "உள்ள போங்கம்மா, பெல் அடிக்கப் போவுது, லேட்டானா ஆப்சென்ட்" என்றார். யாரும் போகவில்லை.

மோகனப்பிரியா இறங்கினாள். அரைக்கைச் சுடிதார். அவர் வண்டியிலிருந்து எழுந்தார். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தோளில் கைபோட்டாள். எல்லோரும் ஒன்றாகச் சாலையைக் கடந்தார்கள். அவர் பாதிச் சாலை வரை வந்து, நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு போய் மறுபடி வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் கேட்டுக்குள் போனபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. மணி ஓயுமுன் மோகனப்பிரியாவை முன்னால் தள்ளி வகுப்புக்குள் விட்டுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் வருகை. மற்றவர்கள் வீடுகளுக்கெல்லாம் செய்தி போயிருக்கும்.

மாலையில் நான் வெளியே வந்தபோதும் பைக் அங்கேயே இருந்தது. நாளை செவ்வாய். காலையில் அப்பாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பஸ் வருவதற்குள் நான் கேட்டுக்குப் போயாக வேண்டும்.